விண்டோஸ் 10 காலம் முடிந்தது: நல்லா ஓடுற மடிக்கணினியை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் வீட்டில் 2016 அல்லது 2017-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கலாம். விசைப்பலகையில் ஓரிரண்டு எழுத்துகள் அழிந்திருக்கும். மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனாலும் ஓடுகிறது. அம்மா அதில்தான் வங்கிக் கணக்கைப் பார்ப்பார். தம்பி அதில்தான் பள்ளி ஒப்படைப்பைச் செய்வான்.

ஒருநாள் திடீரென்று திரை முழுக்க ஓர் அறிவிப்பு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, புதிய கணினிக்கு மாறுங்கள் என்கிறது. நீங்கள் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த அறிவிப்பை மூடியது தப்பில்லை. மறந்துவிட்டால்தான் சிக்கல். ஏன்? உங்களுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? எல்லாவற்றுக்கும் காசு செலவழிக்கணுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-இல். பத்து ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதாவது, அதில் புதிதாக ஏதேனும் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைப்பதற்கான இலவசப் புதுப்பிப்பு இனி தானாக வராது.

இது முதல் முறையல்ல. விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரலில் விடைபெற்றது. விண்டோஸ் 7 2020 ஜனவரியில். ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் உண்டு. முன்பெல்லாம் பழைய கணினியில் புதிய விண்டோஸைப் போட்டால் கொஞ்சம் மெதுவாகவாவது ஓடும். இப்போது, கணினி வேகமாகவே இருந்தாலும் விண்டோஸ் 11 அதை ஏற்காமல் போகலாம்.

அப்படி மாற முடியாத கணினிகள் உலகில் எத்தனை? கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 24 கோடி என்று மதிப்பிட்டது. அமெரிக்காவின் பிஐஆர்ஜி பயனீட்டாளர் அமைப்பு 40 கோடி வரை இருக்கலாம் என்றது. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருந்தாலும் ஒன்று உறுதி. இவற்றில் பல இன்னும் வேலை செய்யும் கணினிகள்.

கணினிதான் ஓடுதே, அப்புறம் என்ன பிரச்சினை?

இயங்குதளம் என்பதை உங்கள் வீவக புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி, தண்ணீர்க் குழாய், விளக்கு எல்லாவற்றையும் அது கவனிக்கிறது. கணினியிலும் அப்படித்தான். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், கேமராவை எது பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது இயங்குதளம்.

நகர மன்றம் ஒருநாள் கிளம்பிவிட்டால் மறுநாள் காலையில் எதுவும் மாறியிருக்காது. மின்தூக்கி ஓடும். தண்ணீர் வரும். ஆனால் ஏதாவது பூட்டு பழுதானால் மாற்ற ஆள் இருக்காது. ஆதரவு முடிந்த விண்டோஸும் அதேபோல்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடுகிறது. சிங்கப்பூர் நேரப்படி அது புதன்கிழமை பின்னிரவு. விண்டோஸ் 11-உம் விண்டோஸ் 10-உம் உள்ளுக்குள் பல பாகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே, விண்டோஸ் 11-இல் எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்று பார்த்தாலே, விண்டோஸ் 10-இல் எங்கே ஓட்டை இருக்கலாம் என்பதை ஊடுருவிகள் ஊகிக்கலாம். காலம் போகப் போக, அடைக்கப்படாத ஓட்டைகள் கூடிக்கொண்டே போகும்.

இதைக் கேட்டால் பயமுறுத்துவதுபோல் இருக்கலாம். 2017 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வானாகிரை எனும் நிரல் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கி, விடுவிக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைபட்டன. சிங்கப்பூரிலும் சில கடைத்தொகுதிகளின் மின்னியல் தகவல் பலகைகளில் அந்த மிரட்டல் செய்தி தோன்றியது.

அதில் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7-இல் ஓடியவை. அவை புதுப்பிப்பைப் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எந்த நிறுவனத்தின் கணினி என்பது அங்கே முக்கியமாக இல்லை. புதுப்பிப்பு வருகிறதா, அதை நாம் போடுகிறோமா என்பதே முக்கியமாக இருந்தது.

விண்டோஸ் 11 ஏன் என் கணினியை ஏற்கவில்லை?

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 சில நிபந்தனைகளை விதிக்கிறது. குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும். பெரும்பாலான கணினிகளுக்கு இது இருக்கும். இடிப்பது மற்ற இரண்டு.

ஒன்று, டிபிஎம் 2.0. மறைச்சொற்களையும் குறியாக்கச் சாவிகளையும் தனியாகப் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பகுதி அது. மற்றொன்று, செயலி. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். எட்டாம் தலைமுறை இன்டெல் சந்தைக்கு வந்தது 2017-இன் பிற்பாதியில். அதனால்தான் 2016, 2017-இல் வாங்கிய கணினிகள் பல வெளியே நிற்கின்றன.

ஆனால் முடிவுக்கு வருவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். சில கணினிகளில் டிபிஎம் இருக்கும், ஆனால் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை இறக்கி ஓட்டினால், உங்கள் கணினி எந்த நிபந்தனையில் தோற்கிறது என்று சொல்லும். டிபிஎம் மட்டும்தான் குறை என்றால், அதை இயக்கிவிட்டாலே வேலை முடிந்தது. விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற கட்டணம் இல்லை.

நிபந்தனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐப் போடும் குறுக்குவழிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று உறுதி இல்லை என மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்கிறது. எந்தக் காரணத்துக்காக மாறுகிறோமோ அதையே அது கேள்விக்குறியாக்குகிறது.

சரி, என்னென்ன வழிகள் இருக்கு?

வழி 1: ஓராண்டு அவகாசம் வாங்குவது

பலருக்கும் தெரியாத வழி இது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறும் திட்டம் ஒன்று இருக்கிறது. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்துக்குப் போனால் அதில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். கணினியில் 22எச்2 எனும் கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கும் தேவை.

சேர மூன்று முறைகள் உண்டு:

• உங்கள் கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் மேகச் சேமிப்பில் நகல் எடுக்க ஒப்புக்கொண்டால் இலவசம்.
• மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம்.
• ஒரே தடவை 30 அமெரிக்க டாலர் கட்டலாம். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை அது செல்லும்.

இந்த அவகாசத்தில் புதிய வசதிகள் எதுவும் வராது. ஆபத்தான ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படும். முடிவெடுக்க நேரம் வேண்டும் என்பவர்களுக்கு அதுவே போதும்.

வழி 2: அதே கணினியில் லினக்ஸ்

லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரையும் பச்சை எழுத்துகளும்தான் சிலருக்கு ஞாபகம் வரும். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த முயற்சி எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற வடிவங்கள் பார்ப்பதற்கும் பழகுவதற்கும் விண்டோஸிலிருந்து வெகுதூரம் இல்லை. மின்டில் கீழே பட்டை, மூலையில் பட்டியல், இரண்டு முறை சொடுக்கினால் கோப்பு திறக்கும். கட்டணம் இல்லை.

தேதிகளும் தெளிவாக இருக்கின்றன. 2024-இல் வந்த உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22 இரண்டுக்கும் 2029 வரை புதுப்பிப்பு உண்டு. அதன்பிறகு அடுத்த பதிப்புக்கு மாறிக்கொள்ளலாம். 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் மின்ட் தாராளமாகவே ஓடும்.

எது நடக்கும்? உலாவி வழியாகச் செய்யும் எல்லாமே. சிங்பாஸ் கியூஆர் குறியீட்டைக் கைத்தொலைபேசியில் வருடி உள்நுழையலாம். வங்கி இணையத்தளம், மத்திய சேம நிதிக் கணக்கு, கூகல் டாக்ஸ், கேன்வா, யூடியூப், வாட்ஸ்அப் வெப் எதற்கும் தடையில்லை. ஸூம், விஎல்சி, பிளெண்டர் ஆகியவற்றுக்கு லினக்ஸ் வடிவம் இருக்கிறது. வேர்ட், எக்செல் கோப்புகளை லிப்ரேஆபிஸ் திறக்கும். சிக்கலான வடிவமைப்பு இருந்தால் மட்டும் சற்று இடம் மாறித் தெரியலாம்.

எது நடக்காது? ஃபோட்டோஷாப், பிரீமியர் போன்ற அடோபி மென்பொருள்கள் லினக்ஸுக்கு இல்லை. கணினியில் நிறுவும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸும் இல்லை. உலாவி வழியாக வேண்டுமானால் பயன்படுத்தலாம். பல்கலைக்கழகத் தேர்வுகளில் பயன்படும் எக்ஸாம்பிளிஃபை, லாக்டவுன் பிரவுசர் போன்றவை லினக்ஸில் ஓடாது. வேலோரன்ட் விளையாடுபவரா நீங்கள்? அதுவும் ஓடாது. ஸ்டீம் தளத்திலுள்ள பல விளையாட்டுகள் ஓடும். ஆனால் ஏமாற்றுத் தடுப்பு நிரலுடன் வருபவை பெரும்பாலும் மறுத்துவிடும்.

நல்ல விஷயம், பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 8 ஜிபி யுஎஸ்பி விரலி ஒன்றில் லினக்ஸ் மின்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை வருதா, ஒலி கேட்குதா, வீட்டு அச்சு இயந்திரம் வேலை செய்யுதா என்று சோதியுங்கள். பிடிக்கவில்லையா? விரலியைக் கழற்றிவிட்டால் பழையபடி விண்டோஸ்.

வழி 3: குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்

கூகல் 2022-இல் வெளியிட்ட இதைப் பழைய விண்டோஸ் கணினியிலோ மேக்கிலோ நிறுவலாம். இதுவும் இலவசம். கணினி கிட்டத்தட்ட ஒரு குரோம்புக் ஆகிவிடும். உலாவிதான் எல்லாம். செய்தி படிப்பது, காணொளி பார்ப்பது, மின்னஞ்சல் அனுப்புவது ஆகியவை மட்டும் செய்யும் தாத்தா, பாட்டிக்கு இது எளிது. புதுப்பிப்பு தானாக வரும்.

குறைகளும் உண்டு. குரோம்புக்கில் இருப்பதுபோல் கூகல் பிளே செயலிகளை இதில் போட முடியாது. எந்தக் கணினி வகைகளில் சரியாக ஓடும், எந்த ஆண்டு வரை ஆதரவு என்ற பட்டியலைக் கூகல் வெளியிடுகிறது. நிறுவுவதற்கு முன் உங்கள் கணினி வகை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழி 4: புதிதாக வாங்குவது

சிலருக்கு இதுதான் சரியான முடிவு. மின்கலம் போய், திரையும் மங்கிய கணினிக்கு எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் பலன் குறைவு. புதிதாக வாங்குவதென்று முடிவு செய்தால் என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

எனக்கு எது சரி?

'விண்டோஸா, மேக்கா?' என்பதிலிருந்து தொடங்காதீர்கள். மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: எந்த ஒரு செயலி இல்லாமல் எனக்கு வேலை நடக்காது? பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்கிறீர்களா? சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். கட்டடக் கலை படிப்பவருக்கு ரெவிட்டும் அப்படியே. ஐபோன் செயலி உருவாக்கப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்கோடு வேண்டும், அதற்கு மேக் வேண்டும். பள்ளியோ வேலையிடமோ குறிப்பிட்ட தேர்வுச் செயலியைக் கட்டாயமாக்கியிருந்தால் அதுவே உங்கள் பதில். அப்படி எதுவும் இல்லை, எல்லாமே உலாவியில்தான் என்றால் நான்கு வழிகளும் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன.

இரண்டாவது கேள்வி: இதை யார் பயன்படுத்துவார்? ஏதாவது கோளாறு என்றால் யாரைக் கூப்பிடுவார்? இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நீங்கள் ஆர்வமாக அப்பாவின் கணினியில் லினக்ஸைப் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டால், அச்சு இயந்திரம் நின்றுபோன அன்று அவர் யாரிடம் கேட்பார்? பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பழக்கமில்லாத திரையில் தடுமாறும் ஒருவர், 'உங்கள் கணினியில் கோளாறு, நாங்கள் சரிசெய்கிறோம்' என்று அழைக்கும் மோசடிக்காரரை நம்பிவிடவும் கூடும். போட்டுக்கொடுத்தால் கூடவே இருந்து பழக்கவும் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: எந்தத் தேதி வரை புதுப்பிப்பு வரும்? விலையைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

• விண்டோஸ் 11: ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது. வீட்டுப் பயனீட்டுக்கான ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாத ஆதரவு. அடுத்த பதிப்புக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.
• குரோம்புக்: 2021 முதல் வந்த வகைகளுக்கு 10 ஆண்டுகள் தானியங்கிப் புதுப்பிப்பு. ஆனால் அந்தக் கணக்கு அந்த வகை வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.
• மேக்: ஆப்பிள் முன்கூட்டியே தேதி சொல்வது வழக்கமில்லை. ஆனால் ஒன்றை அறிவித்துவிட்டது. 2025-இல் வந்த மேக் ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக் கணினிகளுக்குக் கடைசி. 2020-இல் வந்த இன்டெல் மேக்புக் ஏர் அந்தப் பதிப்புக்கே தகுதி பெறவில்லை.

கடைசித் தகவல் கரோசலில் பழைய மேக் தேடுபவர்களுக்கு முக்கியம். விலை மலிவாக இருக்கிறதே என்று இன்டெல் மேக்கை வாங்கினால், மீதமிருக்கும் ஆயுள் குறைவு. எம்1 அல்லது அதற்குப் பிந்திய சிப் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸ் கணினி வாங்கும்போதும் அப்படித்தான். 'விண்டோஸ் 11 போட்டிருக்கு' என்று விற்பவர் சொன்னால், செயலி எந்தத் தலைமுறை என்று ஒரு கேள்வி கேளுங்கள். எட்டுக்குக் குறைவான இன்டெல் என்றால் அது குறுக்குவழியில் போட்டதாக இருக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

முடியும், எல்லாவற்றிலும். இன்று இது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் தமிழர்களுக்குக் கணினித் தேர்வே இந்தக் கேள்வியில்தான் நின்றது. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கோப்பை இன்னொருவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். அது எல்லாக் கணினியிலும் இருக்காது.

அந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களில் நம் வட்டாரத்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்த சிங்கப்பூர் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997-இல் இங்கே தமிழ் இணைய மாநாடு நடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1980-களிலிருந்து வளர்ந்தது. அஞ்சல் விசைமுகம் இன்று மேக் கணினியிலேயே உள்ளமைந்து வருகிறது.

இப்போது யூனிகோட் பொதுவாகிவிட்டது. விண்டோஸ், மேக், குரோம் ஓஎஸ் ஆகியவற்றில் தமிழ்99 விசைமுகமும், ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்யும் வசதியும் இருக்கின்றன. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். லினக்ஸில் ஐபஸ் எனும் கருவி வழியாகச் சேர்க்க வேண்டும். ஒருமுறை செய்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். அம்மாவோ தாத்தாவோ யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் கணினியில் இருக்கலாம். கதை, கவிதை, குடும்ப வரலாறு எதுவாகவும் இருக்கலாம். எழுத்துரு இல்லாமல் அந்தக் கோப்புகளை மட்டும் நகல் எடுத்தால் புதிய கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். கணினியை அழிப்பதற்கு முன், எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகல் எடுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தச் செலவை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பத்தாண்டு ஆதரவு என்பது குறைவானதல்ல. மைக்ரோசாஃப்ட் அந்தத் தேதியை ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியும் இருந்தது. டிபிஎம் போன்ற நிபந்தனைகளுக்குப் பாதுகாப்புக் காரணங்கள் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் பத்தாண்டு என்பது விண்டோஸ் 10-இன் வயது, உங்கள் கணினியின் வயதல்ல. 2017-இல் கடையில் வாங்கியவருக்குக் கிடைத்தது எட்டு ஆண்டுதான். இன்னும் தாமதமாகப் பழைய இருப்பை வாங்கியவருக்கு அதைவிடக் குறைவு.

வாங்கும்போது அதை யாரும் சொல்லவில்லை. பால் பெட்டியில் காலாவதித் தேதி இருக்கிறது. மடிக்கணினிப் பெட்டியில் நினைவகம், சேமிப்பிடம், திரை அளவு எல்லாம் இருக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்பது பொதுவாக இருக்காது.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் யூரோகன்சியூமர்ஸ் பயனீட்டாளர் அமைப்பு மைக்ரோசாஃப்டுக்கு அழுத்தம் கொடுத்தது. அதன்பின், ஐரோப்பியப் பொருளியல் வட்டாரத்தில் இருப்பவர்கள் மேகச் சேமிப்பில் நகல் எடுக்காமலேயே ஓராண்டு அவகாசத்தை இலவசமாகப் பெறலாம் என்று நிறுவனம் மாற்றிக்கொண்டது. நமக்கு இன்னும் நகல், புள்ளி, பணம் என்ற மூன்றில் ஒன்று வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இணையப் பாதுகாப்புச் சட்டமும் மின்னிலக்கப் பொருள்களுக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு பாதுகாப்பு ஆதரவைக் கோருகிறது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் நடப்புக்கு வருகின்றன.

சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் ஒரு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. வைஃபை ரவுட்டர் போன்ற அறிவார்ந்த வீட்டுச் சாதனங்களின் பாதுகாப்புத் தரத்தை அது காட்டுகிறது. மடிக்கணினி வாங்கும்போதும் அப்படியொரு தகவல் பெட்டியிலேயே இருந்தால், கடையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று குறையும். அதுவரை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் செலவுக்குச் சிரமம் என்றால், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் 'டிஜிட்டல் அக்சஸ் அட் ஹோம்' திட்டத்தைப் பாருங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை விலையில் மடிக்கணினி, கைக்கணினி, இணையச் சேவை ஆகியவை அதன்கீழ் கிடைக்கின்றன.

பழைய கணினியை என்ன செய்வது?

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. உங்கள் கணினியும் அதில் போய்ச் சேர வேண்டியதில்லை. லினக்ஸ் அல்லது குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போட்டால் வீட்டில் இன்னொருவருக்கு உதவலாம். யாருக்காவது கொடுக்கலாம். இன்ஜினியரிங் குட் எனும் அறப்பணி அமைப்பு 2020-இல் கொவிட்-19 காலத்தில் நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளைச் சீர்செய்து, வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கக் கொடுத்தது நினைவிருக்கலாம்.

இனி எதற்கும் உதவாது என்றால், கடைத்தொகுதிகளிலும் குடியிருப்பு வட்டாரங்களிலும் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். அதற்கு முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளே இருப்பதை முழுதாக அழித்துவிடுங்கள்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

• 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' பக்கத்தில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள். உங்கள் கணினியை மட்டுமல்ல, அப்பா அம்மாவுடையதையும்.
• படங்கள், ஆவணங்கள், பழைய தமிழ்க் கோப்புகள் எல்லாவற்றையும் வெளிப்புறச் சேமிப்பில் நகல் எடுங்கள்.
• 'பிசி ஹெல்த் செக்' ஓட்டுங்கள். தேறினால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்.
• தேறவில்லை என்றால், அவகாசத் திட்டத்தில் சேருங்கள். பிறகு ஒரு வார இறுதியில் யுஎஸ்பி விரலியில் லினக்ஸை முயன்று பாருங்கள்.
• 2026 அக்டோபர் 13-ஐ நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும்.

அவகாசத் திட்டத்தில் சேர ஐந்து நிமிடம் போதும். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் கணினியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அந்த அறிவிப்பை அவரும் மூடிவிட்டிருப்பார்.